தீசிஸை முடிப்பதும் இயக்க வேலைதான்

"அக்கா, நாலு சாப்டரும் மனசுல இருக்கு. லேப்டாப் முன்னாடி உட்கார்ந்தா ஒரு வரி வரமாட்டேங்குது. நான் சோம்பேறி ஆயிட்டேனா?"

வாரத்துக்கு ஒரு முறையாவது இப்படி ஒரு செய்தி எனக்கு வருகிறது. அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் நம் பிள்ளைகள். குடும்பத்தில் முதலில் கல்லூரி போனவர்கள், ஊரில் முதலில் பி.எச்டி பதிவு செய்தவர்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதிய பதில்களைச் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சோம்பேறி என்ற சொல்லைப் பார்ப்போம். என் அம்மா பள்ளிப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டினவர். வெட்டு இல்லாத மாதங்களில் நடவு, களை, நூறு நாள் வேலை. எங்கள் தெருவில் சோம்பேறியாக இருக்க யாருக்கும் வசதி இருந்ததில்லை. நம்மைச் சோம்பேறி என்று சொன்னவர்கள் யார் என்று உங்களுக்குத் தெரியும். நம் உழைப்பில் சாப்பிட்டவர்கள் நமக்கு வைத்த பெயர் அது. அதே பெயரை நம் பிள்ளை ஒருத்தி ஆய்வு மாணவியான பிறகு தனக்குத் தானே வைத்துக்கொள்கிறாள் என்றால், எழுத்து ஏன் ஓடவில்லை என்ற காரணத்தை இன்னும் அவள் தேடவில்லை என்று பொருள்.

உழைக்கத் தெரிந்த நமக்கு எழுத்து மட்டும் ஏன் தள்ளிப்போகிறது? கரும்பு வெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். திருவாலங்காடு சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வரும். இந்தத் தேதிக்கு இந்த வயல். மேஸ்திரி ஆள் கூப்பிடுவார். வெட்டு, சோகை உரிப்பு, கட்டு, லாரியில் ஏற்றுவது, டன்னுக்குக் கூலி. எங்கே தொடங்குவது, எப்போது முடிந்தது என்பது எல்லோருக்கும் கண்ணுக்குத் தெரியும். பக்கத்து வரிசையில் இன்னொருவர் வெட்டிக்கொண்டு வருவார். நீங்கள் நின்றால் வரிசை நிற்கும்.

தீசிஸில் இதில் ஒன்றுமே இல்லை. உத்தரவு கிடையாது. ஆறு வருடம் தள்ளி ஒரு கடைசித் தேதி இருக்கும். பக்கத்து வரிசையில் யாரும் கிடையாது. ஒரு நாள் வேலை எவ்வளவு என்று யாரும் அளந்து தரமாட்டார்கள். பேராசிரியர் வீட்டில் பிறந்த பிள்ளைக்குச் சாப்பாட்டு மேசையிலேயே இந்த அளவுகள் தெரிந்துவிடும். "இந்த மாதம் சாப்டர் முடியட்டும், முன்னுரையைக் கடைசியில் எழுது" என்று அப்பாவோ சித்தியோ சொல்வார்கள். நம் வீட்டில், "இன்னுமா பரிட்சை முடியல?" என்று கேட்பார்கள். அவர்கள் மேல் குறையில்லை. அவர்களுக்குத் தெரிந்த படிப்புக்கெல்லாம் ஒரு பரிட்சைத் தேதி இருந்தது.

என் ஆய்வு நிலம் பற்றியது. ஜமீன் ஒழிப்புக்குப் பிறகு எங்கள் பகுதிச் சேரிகளுக்கு எவ்வளவு நிலம் வந்தது, வந்தது எங்கே போனது என்பதுதான் கேள்வி. பஞ்சமி நிலம் என்றதும் எல்லோரும் 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் டிரமன்ஹீர் கொடுத்த அறிக்கையிலிருந்து தொடங்குவார்கள். எங்கள் பக்கத்துக்கு அந்தத் தொடக்கம் பொருந்தாது. திருத்தணி வட்டாரம் அன்றைக்குக் கார்வேட்டிநகர் ஜமீன். அப்போது வட ஆற்காடு மாவட்டம். 1911இல் சித்தூர் மாவட்டம். 1953இல் ஆந்திரா. 1960 ஏப்ரல் 1ஆம் தேதி எல்லை மாற்றத்தில் திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் சென்னை மாநிலத்துக்கு வந்தன, செங்கல்பட்டு மாவட்டத்தில் சேர்ந்தன. 1997இல் திருவள்ளூர் மாவட்டம். ஒரே சேரியில் பிறந்து வளர்ந்த கிழவி ஒருத்தி, வீட்டைவிட்டு நகராமல் இத்தனை மாவட்டங்களில் வாழ்ந்திருக்கிறாள். அவள் அப்பாவுக்குக் கொடுத்ததாகச் சொல்லப்படும் நிலத்தின் காகிதம் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் இருக்கலாம், சித்தூரில் இருக்கலாம், தாலுகா அலுவலகத்து மூட்டையில் இருக்கலாம். பாதி தெலுங்கில் இருக்கும்.

இப்படி ஒரு தலைப்பை எடுத்தால் எழுதாமல் இருப்பதற்கு நல்ல காரணம் எப்போதும் கையில் இருக்கும். "இன்னும் ஒரு பதிவேடு பார்த்துவிட்டு." திருத்தணியில் ரயில் ஏறி எழும்பூர் போய், பார்த்து, குறிப்பெடுத்து இரவு வீடு திரும்பினால் வேலை செய்த அசதி இருக்கும். அசதி உண்மை. உழைப்பும் உண்மை. பக்கம் மட்டும் கூடியிருக்காது. படிப்பதும் தேடுவதும் எழுத்துக்கு மிக அருகில் இருப்பவை என்பதால், எழுதாமல் இருக்க அவற்றைவிட வசதியான மறைவிடம் கிடையாது.

இன்னொரு காரணத்தை நம் பிள்ளைகள் எல்லோரிடமும் பார்க்கிறேன். நம்மில் ஒருத்தி எழுதினால் தன் தீசிஸை மட்டும் எழுதுவதாக நினைப்பதில்லை. சேரி முழுவதையும் அந்த முந்நூறு பக்கத்தில் ஏற்றப் பார்க்கிறாள். "நம்ம ஜனங்களைப் பற்றித் தப்பா ஒரு வரி போயிடக் கூடாது." "இங்கிலீஷ்ல ஒரு பிழை இருந்தா கோட்டாவுல வந்ததுன்னு சொல்லுவாங்க." மற்ற மாணவரின் மோசமான முதல் வரைவு வெறும் முதல் வரைவு. நம்முடையது நம் சாதிக்கே போடும் மதிப்பெண். அந்தப் பயத்தோடு உட்கார்ந்தால் முதல் வரியே வராது. நம்மைத் தடுப்பது தகுதிக் குறைவு அல்ல, இந்தப் பாரம். இதைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்தாலே பாதி இறங்கும்.

மூன்றாவது காரணத்தைச் சொன்னால் சில தோழர்களுக்குக் கோபம் வரலாம். இயக்க வேலை. சுடுகாட்டுப் பாதையை மறித்துவிட்டார்கள், போகணும். காதல் திருமணம் செய்த பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு வேண்டும், போகணும். மனு, உண்மையறியும் குழு, கலெக்டர் அலுவலகம், துண்டறிக்கை. இவை எதுவும் சாக்கு அல்ல. எல்லாம் அவசரம், எல்லாம் நியாயம். அதனால்தான் சிக்கல். சினிமா பார்த்துக்கொண்டு தீசிஸைத் தள்ளிப்போட்டால் மனம் குத்தும். போராட்டத்துக்குப் போய்த் தள்ளிப்போட்டால் மனம் குத்தாது, ஊரும் பாராட்டும். இரண்டிலும் சாப்டர் அதே இடத்தில்தான் நிற்கும்.

இந்த இடத்தில்தான் அண்ணலின் படிப்பை ஒரு மாணவராகப் பார்க்கச் சொல்கிறேன். நாம் அவர் பட்டங்களை வரிசையாகச் சொல்லிக் கைதட்டுகிறோம். அந்த வரிசைக்கு நடுவே இருக்கும் இடைவெளிகளைப் பார்ப்பதில்லை.

1913இல் பரோடா அரசின் உதவித்தொகையில் கொலம்பியா போனார். 1915இல் எம்.ஏ. 1916இல் லண்டன் போய்ப் பொருளியல் பள்ளியிலும் கிரேஸ் இன்னிலும் சேர்ந்தார். 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்தது. படிப்பைப் பாதியில் விட்டு ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. நான்கு ஆண்டுக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று பல்கலைக்கழகம் அனுமதி கொடுத்தது. உலகப் போர்க் காலம். அவர் புத்தகங்கள் வேறு கப்பலில் வந்தன, அந்தக் கப்பல் தாக்கப்பட்டு மூழ்கியது. பரோடாவில் வேலைக்குப் போனால் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை, துரத்தப்பட்டார். 1918இல் மும்பை சிடன்ஹாம் கல்லூரியில் பேராசிரியர் ஆனார். அந்தச் சம்பளத்தில் மிச்சம் பிடித்தார்.

இப்போது 1920ஐப் பாருங்கள். ஜனவரி 31ஆம் தேதி 'மூக்நாயக்' இதழ் தொடங்குகிறது. மார்ச்சில் மாண்காவ் மாநாடு, சாகு மகாராஜா வந்து இவரைத் தலைவர் என்று அறிவிக்கிறார். இயக்கம் சூடுபிடிக்கும் நேரம். நம்மில் யாராக இருந்தாலும், "இப்போ போய் தீசிஸா?" என்றுதான் கேட்டிருப்போம். அவர் அந்த ஆண்டு ஜூலையிலேயே லண்டனுக்குக் கப்பல் ஏறினார். தன் சேமிப்பு, சாகு மகாராஜாவின் உதவி, நண்பர் நவல் பதேனாவிடம் வாங்கிய கடன். இதழை மற்றவர்கள் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதற்கு விலையும் இருந்தது. இதழ் நீடிக்கவில்லை, நின்றுபோனது.

1921இல் எம்.எஸ்சி. 1922 அக்டோபரில் 'ரூபாயின் பிரச்சினை' ஆய்வேட்டை ஒப்படைத்தார். அடுத்த மார்ச்சில் தேர்வாளர்கள் திருத்தி எழுதச் சொல்லித் திருப்பிக் கொடுத்தார்கள். ஆம், அம்பேத்கரின் தீசிஸும் திருத்தத்துக்குத் திரும்பி வந்தது. கையில் பணம் தீர்ந்திருந்தது. ஏப்ரலில் மும்பை திரும்பி, அங்கிருந்தே திருத்தி ஆகஸ்டில் அனுப்பினார். நவம்பரில் ஏற்கப்பட்டது. அந்த ஆண்டே லண்டனில் புத்தகமாக வந்தது. வழிகாட்டி எட்வின் கேனன் முன்னுரை எழுதினார். இவர் வாதங்களில் பலவற்றை ஏற்கவில்லை என்பதை அந்த முன்னுரையிலேயே சொன்னார். கைடு ஒத்துக்கொண்டால்தான் தீசிஸ் என்று காத்திருக்கும் பிள்ளைகள் இதை இரண்டு முறை படியுங்கள்.

கொலம்பியா கணக்கு இன்னும் நீளம். அங்கே ஆய்வேட்டை அச்சிட்டுப் பிரதிகள் கொடுத்தால்தான் முனைவர் பட்டம். மாகாண நிதி பற்றிய அவர் நூல் 1925இல் அச்சானது. பட்டம் 1927இல் கிடைத்தது. அதே 1927 மார்ச்சில்தான் மகாட் குளத்தில் தண்ணீர் எடுத்தார். பகிஷ்கிருத ஹிதகாரிணி சபையைத் தொடங்கியது 1924இல், லண்டன் ஆய்வேடு முடிந்த பிறகு. 1925 டிசம்பரில் நாணயம் பற்றிய அரச ஆணையத்தின் முன் சாட்சியம் சொல்ல உட்கார்ந்தபோது அவர் கையில் ஒரு முடிந்த புத்தகம் இருந்தது. மனு கொடுக்கப் போனவராக இல்லாமல், துறை அறிந்தவராகப் பேசினார்.

ஆக, கொலம்பியாவில் கால் வைத்ததிலிருந்து அங்கே முனைவர் பட்டம் வாங்கும்வரை பதினான்கு ஆண்டு. பணம் நின்றது, கப்பல் மூழ்கியது, அறை கிடைக்கவில்லை, ஆய்வேடு திரும்பி வந்தது. இவை தாமதங்கள். இவற்றில் எதையும் அவர் தள்ளிப்போடவில்லை. உங்கள் வாழ்க்கையிலும் இந்த இரண்டையும் தனித்தனியாகக் கணக்குப் போடுங்கள். பெல்லோஷிப் பத்து மாதம் வராதது தாமதம். அதற்குப் பொறுப்பு நீங்கள் அல்ல, அதற்குக் கேள்வி கேட்க வேண்டும். ரோகித் வெமுலாவுக்கு உதவித்தொகை நிறுத்தப்பட்டது, 2016 ஜனவரியில் அவரை இழந்தோம். நிறுவனம் செய்யும் தாமதத்தைத் தன் குற்றமாகச் சுமக்கும் பிள்ளைகளை இனியும் நாம் இழக்க முடியாது. மனம் தாங்காத இரவில் தீசிஸைப் பற்றி யோசிக்காதீர்கள். ஒரு தோழரைக் கூப்பிடுங்கள், அல்லது 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். தீசிஸ் அடுத்த வாரமும் இருக்கும், நீங்கள் இருக்க வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை கூடுதலாக. அண்ணல் லண்டனில் இருந்த ஆண்டுகளில் மும்பையில் குடும்பத்தைச் சுமந்தவர் ரமாபாய். நமக்கு ரமாபாய் கிடையாது. பல வீடுகளில் நாமே ரமாபாய், நாமே லண்டன் மாணவி. அதனால் நேரம் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். வீட்டில் பேசிப் பிடுங்கித்தான் எடுக்க வேண்டும்.

எனக்கு எது வேலை செய்தது என்று சொல்கிறேன். ஏழாம் ஆண்டில் ஒப்படைத்தேன். கடைசி பதினைந்து மாதத்தில்தான் எழுத்து ஓடியது. அந்தப் பதினைந்து மாதம் இப்படி.

முதல் வேலையாக எனக்கு நானே வெட்டு உத்தரவு போட்டேன். "இரண்டாம் சாப்டர்" என்று எழுதிவைத்தால் அது உத்தரவு ஆகாது, ஒரு மாவட்டத்துக் கரும்பையே வெட்டச் சொன்ன மாதிரி. "1960 எல்லை மாற்றம், நிலப் பதிவேடு எந்த அலுவலகத்துக்குப் போனது, ஒன்றரைப் பக்கம், புதன்கிழமைக்குள்" என்பது உத்தரவு. வயல் தெரிய வேண்டும், கட்டு எத்தனை என்று தெரிய வேண்டும்.

அடுத்தது, பக்கத்து வரிசைக்கு ஆள் தேடினேன். வேறு வேறு பல்கலைக்கழகத்தில் இருந்த இரண்டு தோழிகள். ஞாயிறு இரவு ஒன்பது மணிக்கு போன். அந்த வாரம் எழுதியதை அனுப்ப வேண்டும், நன்றாக இருக்கிறதா என்று யாரும் கேட்கக் கூடாது, வந்ததா என்று மட்டும்தான். அயோத்திதாசப் பண்டிதரை நினைத்துக்கொள்ளுங்கள். 1907இல் ராயப்பேட்டையில் 'ஒரு பைசாத் தமிழன்' தொடங்கினார். 1914இல் இறக்கும்வரை அந்த வார இதழை நடத்தினார். 'இந்திரர் தேச சரித்திரம்' அதில் தொடராக வந்ததுதான். புதன்கிழமை இதழ் வெளிவர வேண்டும், அதற்குள் அந்த வாரப் பகுதி இருக்க வேண்டும். நாட்டின் வரலாற்றையே வேறு பக்கத்திலிருந்து எழுதியவர் அதை வாரக் கணக்கில் எழுதினார்.

அப்புறம் தமிழில் எழுதினேன். ஒப்படைக்க வேண்டியது ஆங்கிலத்தில்தான். ஆனால் முதல் வரைவு முழுவதும் எங்கள் ஊர்த் தமிழில், தெலுங்குச் சொல் வந்தால் அதையும் அப்படியே போட்டு எழுதினேன். என்ன சொல்கிறேன் என்று யோசிப்பதும் அதை ஆங்கிலத்தில் சொல்வதும் இரண்டு வேலை. இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யச் சொன்னால் கை நின்றுவிடும். தமிழில் பத்துப் பக்கம் இருந்தால் ஆங்கிலம் ஆக்குவது உடல் உழைப்பு மாதிரி, நேரம் கொடுத்தால் நடக்கும்.

எழுதியதைச் சேரியில் படித்துக் காட்டினேன். கொசஸ்தலை ஆற்றங்கரையில் ஓர் ஊரில் மாலை நேரத்தில் பெரியவர்களை உட்காரவைத்து, நிலப் பதிவு பற்றிய பகுதியைப் படித்தேன். பதிவேட்டில் ஒரு சர்வே எண்ணுக்குத் தரிசு என்று இருந்தது. ஓர் ஆயா குறுக்கிட்டு, "தரிசா? நாங்க கேழ்வரகு வெச்ச கொல்லியாச்சே அது" என்றார். யார் எப்போது உழுதார்கள், எந்த வருடம் யார் வேலி போட்டார்கள் என்று வரிசையாக வந்தது. மூன்று மாதம் காப்பகத்தில் தேடிக் கிடைக்காதது அரை மணியில் கிடைத்தது. "இன்னும் ஒரு பதிவேடு" என்ற எண்ணம் அன்றோடு எனக்கு வலுவிழந்தது. எழுதியதைக் காட்டினால்தான் எது குறைகிறது என்று தெரியும்.

இயக்க வேலையை நேரம் போட்டுப் பிரித்தோம். எங்கள் வட்டாரத்தில் ஐந்து பேர். காலை ஐந்து முதல் எட்டு வரை, வாரத்தில் ஐந்து நாள், எனக்கு போன் வராது. அந்த நேரத்தில் அழைப்பு வந்தால் யார் போவது என்று முறை வைத்தோம். தம்பி ஒருவர் தனியாகத் தாசில்தாரிடம் போய் முதல் மனு கொடுத்தது அப்போதுதான். நான் வராததால் வேலை நிற்கவில்லை, ஒரு புதிய ஆள் உருவானார். உங்கள் அமைப்பில் ஆய்வு மாணவர் இருந்தால், அவருக்கு நேரம் ஒதுக்கிக் கொடுப்பதை அமைப்பே ஒரு தீர்மானமாகப் போடுங்கள். அதை அவர் மட்டும் கெஞ்சிக் கேட்கும் நிலையில் வைக்காதீர்கள்.

கடைசியாக, விதிகளைப் படித்தேன். என் வழிகாட்டியிடம் ஒரு சாப்டர் நான்கு மாதம் கிடந்தது. கேட்கப் பயம். அப்போதிருந்து அனுப்பும் ஒவ்வொன்றையும் மின்னஞ்சலில் தேதியோடு அனுப்பினேன், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை மரியாதையாக நினைவூட்டினேன். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 விதிப்படி பி.எச்டிக்குக் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஆறு ஆண்டு. மறுபதிவு செய்தால் மேலும் இரண்டு ஆண்டு வரை. பெண்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் அதற்கு மேலும் இரண்டு ஆண்டு தளர்வு தரலாம். ஒவ்வொரு செமஸ்டரிலும் ஆய்வு ஆலோசனைக் குழுவின் முன் நீங்கள் முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும் என்றும் இருக்கிறது. பலர் அந்தக் கூட்டத்துக்குப் பயந்து ஒளிகிறார்கள். அது உங்கள் கையில் இருக்கும் ஆயுதம். எத்தனை பக்கம் எந்தத் தேதியில் கொடுத்தீர்கள் என்பதை அங்கே பதிவு செய்யவையுங்கள். பிறகு யாரும், "இந்தப் பொண்ணு ஒண்ணுமே எழுதல" என்று சொல்ல முடியாது.

இவ்வளவையும் ஏன் இப்படி விரிவாகச் சொல்கிறேன்? எழுபது எண்பது வயதைத் தாண்டிய பதினொரு பேரிடம் நான் பேட்டி எடுத்தேன். வைவா நடப்பதற்குள் அவர்களில் மூன்று பேர் இறந்துவிட்டார்கள். அவர்கள் சொன்னவை தட்டச்சாகி, பெயரோடு, தேதியோடு மூன்றாம் சாப்டரில் இருந்தன. வெட்டிய கரும்பு வயலில் கிடந்தால் ஒவ்வொரு நாளும் எடை குறையும், சாறு கெடும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கள ஆய்வுக் குறிப்பும் அப்படித்தான். நோட்டில் கிடக்கும்வரை அது உங்களுக்கு மட்டும் தெரிந்த செய்தி. யார் எந்தத் தொனியில் சொன்னார் என்பது உங்களுக்கே மறந்துகொண்டிருக்கும். கட்டுப் போட்டு நூலகத்தில் வைத்த பிறகு, நாளைக்கு ஒரு வழக்கறிஞர் அதை மேற்கோள் காட்டலாம், இன்னொரு பிள்ளை அங்கிருந்து தொடங்கலாம். இன்று எங்கள் பகுதி நில மனு ஒன்றில் அந்தச் சாப்டரின் பக்க எண் இருக்கிறது. நிலம் இன்னும் வரவில்லை. ஆனால் "ஆதாரம் எங்கே?" என்ற கேள்விக்கு இனி நாங்கள் வெறுங்கையோடு நிற்கமாட்டோம்.

இதைப் படித்து முடித்ததும் ஊக்கம் வந்தது என்று எனக்குச் செய்தி அனுப்ப வேண்டாம். ஊக்கம் இரண்டு நாளில் போய்விடும். உங்கள் தீசிஸில் மிகவும் நன்றாகத் தெரிந்த ஒரு பகுதியை எடுங்கள். முன்னுரை வேண்டாம், நடுவிலிருந்து எடுங்கள். ஒன்றரைப் பக்கம், தமிழில், இந்த ஞாயிற்றுக்கிழமைக்குள். யாருக்கு அனுப்புவது என்று ஒரு பெயரை இப்போதே எழுதிவையுங்கள். அப்படி ஆள் கிடைக்காவிட்டால் எனக்கு அனுப்புங்கள். நன்றாக இருக்கிறதா என்று நான் சொல்லமாட்டேன். வந்தது என்று மட்டும் பதில் போடுவேன்.

ஜெய் பீம்.